போங்கு ஆடாத பரிசோதனை: வெப்பம் பாடத்துக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். வெப்பம் பாடம் வந்தால் சோதனையை நான் செய்து காட்டுவதைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளையே திட்டம் போட விடுகிறேன். இதைக் கேள்விப்பட்ட சக ஆசிரியர்களும் சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

நியாயமான பரிசோதனை என்பதை 11 வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றால் “போங்கு, போங்கு” என்று கத்துகிற கூட்டம்தானே அது! அந்தக் கூச்சலை வகுப்புக்குள் கொண்டுவந்தால் போதும்.

முதல் நாள் நானே ஒரு போங்குச் சோதனை செய்வேன். பெரிய எவர்சில்வர் செம்பு நிறைய வெந்நீர், சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதி வெந்நீர். செம்பைத் தட்டு போட்டு மூடிவிடுவேன். டம்ளரை ஃபேனுக்கு நேர் கீழே வைப்பேன். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் அளந்துவிட்டு, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, கண்ணாடியைவிட எவர்சில்வர்தான் சூட்டைப் பிடித்து வைக்கும்” என்பேன். ஒரு நிமிடம்கூடத் தாங்காது. “சார், அதில் தண்ணி அதிகம்”, “அதுக்கு மூடி இருக்கு”, “ஃபேன் காத்து” என்று வரிசையாக வரும். அதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டால், எதையெல்லாம் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்ற பட்டியல் தயார். அதை நான் சொல்லித்தரவில்லை, என்னைக் குற்றம்சாட்டி அவர்களே எழுதியது.

அதற்கு அப்புறம்தான் மூன்று வரி: மாற்றுவது ஒன்று, அளப்பது ஒன்று, மற்றதெல்லாம் அப்படியே. சார்பற்ற மாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (நாம் அளப்பது) என்ற சொற்கள் இரண்டு வாரம் கழித்து வரட்டும். முதல் நாளே அவற்றை எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், போங்கைக் கண்டுபிடிக்க மறந்துவிடுவார்கள்.

வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் நடத்தி முடித்துவிட வேண்டாமா?

முடித்துவிட்டுத்தான் சோதனை என்றால் சோதனையே நடக்காது. இந்தக் குழப்பம் லேசானதல்ல. 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் என்ற விஞ்ஞானி உருகும் பனிக்கட்டியை வைத்துப் பிரித்துக் காட்டும்வரை பெரிய பெரிய அறிஞர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டிக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது, தெர்மாமீட்டரோ பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. அப்படியானால் இரண்டும் வேறுதானே?

நம் பேச்சும் உதவி செய்வதில்லை. இரண்டுக்கும் ‘சூடு’ என்ற ஒரே சொல்தான். ‘டெம்பரேச்சர் இருக்கா?’ என்றால் காய்ச்சலா என்று அர்த்தம். அதனால் இரண்டு எடுத்துக்காட்டுகளோடு தொடங்குவேன்.

முதலாவது கம்பி மத்தாப்பு. அதிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். கையில் விழுந்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஒரு சொம்பு 70 டிகிரித் தண்ணீர் விழுந்தால் ஆஸ்பத்திரிதான். பொறி ரொம்பச் சின்னது, அதில் இருக்கும் வெப்பம் கொஞ்சம். (எரிந்து முடிந்த கம்பியை மிதித்தவர்களுக்கு மற்றப் பாதியும் தெரியும்: பொறியைவிட வெப்பநிலை குறைவு, ஆனால் கம்பி கனம், அதில் இருக்கும் வெப்பம் அதிகம்.)

இரண்டாவது கலப்பு. 60 டிகிரியில் 100 மில்லி தண்ணீர், 30 டிகிரியில் 100 மில்லி தண்ணீர். சேர்த்தால் எவ்வளவு? வகுப்பில் கணிசமான பேர் 90 என்று எழுதுவார்கள். தண்ணீரின் அளவைக் கூட்டலாம், வெப்பத்தைக் கூட்டலாம், வெப்பநிலையைக் கூட்ட முடியாது. ஊற்றிப் பார்த்தால் 45-க்குக் கொஞ்சம் குறைவாக, 43, 44 என்று வரும். அந்த ஒன்றிரண்டு டிகிரி எங்கே போனது என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் ஜெயித்தது. பாத்திரம் குடித்துவிட்டது, கொஞ்சம் காற்றுக்குப் போய்விட்டது.

முதல் சோதனையாக எதைக் கொடுக்கலாம்?

“எந்த டம்ளரில் காபி அதிக நேரம் சூடாக இருக்கும்?” எல்லார் வீட்டிலும் இருக்கிற கேள்வி, எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் இது ஒரு பொறி. அந்தப் பொறியில் பிள்ளைகள் விழ வேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறேன்.

எவர்சில்வர், கண்ணாடி, மண் குவளை, பேப்பர் கப் எல்லாம் கொண்டுவருவார்கள். வைத்துப் பார்த்தால் ஒன்று அகலம், ஒன்று உயரம், ஒன்றின் சுவர் தடிமன், ஒன்று காகிதம் மாதிரி மெல்லிசு. வாய் அகலமான குவளையில் ஆவியாவது அதிகம். மண் குவளையோ வெந்நீரை ஊற்றிய உடனேயே சில டிகிரியை உறிஞ்சிக்கொள்ளும். எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. ஒரு பிரிவேளை முழுக்கச் சண்டை போடுவார்கள், போடட்டும்.

கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: “சார், எல்லாம் ஒரே டம்ளரா இருந்தாதான் ஆகும்.” சரி, எல்லாம் ஒரே டம்ளர் என்றால் எதை மாற்றுவது? இங்கேதான் கேள்வியே மாறுகிறது. சத்துணவு டம்ளர் நான்கு, ஒரே அளவு, ஒரே கனம். ஒன்றுக்குச் செய்தித்தாள் சுற்று, ஒன்றுக்குப் பருத்தித் துணி, ஒன்றுக்குத் தேங்காய் நார், ஒன்று வெறும் டம்ளர். இப்போது “எதைச் சுற்றினால் சூடு அதிக நேரம் நிற்கும்?” என்று கேட்கலாம். அதற்கு விடை கிடைக்கும்.

எனக்கு இந்தப் பாடத்தின் சாரமே இந்த இடம்தான். நிறையப் பேர் நினைப்பதுபோல் நியாயமான சோதனை என்பது கவனமாக அளப்பது மட்டுமில்லை. நியாயமாகச் சோதிக்க முடியாத கேள்வியை, சோதிக்க முடிகிற கேள்வியாகத் திருத்துவது. அந்தத் திருத்தத்தை ஆசிரியர் முன்கூட்டியே செய்து கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது தெர்மாமீட்டரைப் பார்த்து எண் எழுதும் வேலை.

வெறும் டம்ளர் எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் நார் சூட்டைக் காத்ததா, அல்லது எதுவும் சுற்றாமலே அவ்வளவுதான் ஆறியிருக்குமா என்று தெரியாது.

பிள்ளைகள் அடிக்கடி கவனிக்காமல் விடுபவை எவை?

தண்ணீரின் அளவையும் நேரத்தையும் யாரும் விடுவதில்லை. விடுவது மூடி. திறந்த டம்ளரில் வெந்நீர் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போவதுதான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக இரண்டாயிரம் ஜூலுக்கு மேல் (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர இழப்பது வெறும் 4.2 ஜூல். அதனால் மூடி இல்லாமல் செய்தால் நாருக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆவியில் மறைந்துவிடும். நான்குக்கும் ஒரே மாதிரி அட்டை மூடி, நடுவில் தெர்மாமீட்டருக்கு ஒரு துளை.

அடுத்து, தொடக்க வெப்பநிலை. கெட்டிலில் 65 டிகிரி இருந்தது என்று எழுதிவிடுவார்கள். டம்ளரில் ஊற்றிய பிறகு எவ்வளவு என்பதுதான் கணக்கு. முதல் டம்ளருக்கு ஊற்றி நான்காவதுக்கு வருவதற்குள் கெட்டிலே ஆறியிருக்கும். எல்லாவற்றையும் 55 டிகிரிக்கு இறங்கும்வரை பார்த்திருந்து, அந்தந்த டம்ளருக்கு அங்கிருந்து நேரம் எண்ணத் தொடங்கினால் இந்தத் தகராறு தீரும்.

பிறகு மேசை. இரண்டு டம்ளர் இரும்பு மேசையில், இரண்டு மர பெஞ்சில் என்றால் அதுவும் போங்குதான். மடித்த செய்தித்தாள் மேல் எல்லாவற்றையும் வையுங்கள். ஜன்னல் வெயிலும் ஃபேனும் சொல்லவே வேண்டாம்.

தெர்மாமீட்டர் குமிழ் எங்கே இருக்கிறது என்பதும் உண்டு. டம்ளரின் மேல் பக்கத் தண்ணீரும் அடிப்பக்கத் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்காது. ஒரு தடவை கலக்கிவிட்டு, நடு உயரத்தில் குமிழை வைத்து, அடியைத் தொடாமல் படிக்க வேண்டும். ஒரு குழு கலக்கி, இன்னொரு குழு கலக்காமல் அளந்தால் ஒப்பிட முடியாது.

இருப்பதே இரண்டு தெர்மாமீட்டர். நாற்பது பிள்ளைகள். என்ன செய்வது?

சுற்று முறை. ஒரு நாள் இரண்டு குழு சோதனை செய்யும், மற்றவர்கள் அவர்கள் திட்டத்தில் ஓட்டை தேடுவார்கள். இதில் இரண்டாவது வேலைதான் கடினம்.

ஒன்றுக்கு மேல் தெர்மாமீட்டர் இருந்தால் தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒன்று 31 காட்டும், ஒன்று 32 காட்டும். பள்ளிக்கு வருகிறவை அப்படித்தான். குறை சொல்லிப் பயனில்லை; எது எவ்வளவு கூடுதல் காட்டுகிறது என்று அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டிவைத்துக்கொண்டால் போதும். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கலவையில் 0 காட்டுகிறதா என்றும் பார்க்கலாம். கொதிநீரில் 100 பார்க்கலாம் என்று புத்தகம் சொல்லும், ஆனால் ஊட்டியில் இருக்கிற ஆசிரியர் தெர்மாமீட்டரைத் திட்ட வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர், நெற்றியில் காட்டுகிற துப்பாக்கி பயன்படுமா?

காய்ச்சல் தெர்மாமீட்டர் 35-லிருந்து 42 டிகிரி வரைதான். வெந்நீரில் வைத்தால் உடையும். துப்பாக்கி நெற்றிக்காகச் செய்யப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டினால் எண்ணே காட்டாது. சமையலுக்கும் தொழிற்சாலைக்கும் விற்கிற அகச்சிவப்பு வகையோ பளபளப்பான எவர்சில்வரைப் பார்த்துத் தப்பாகச் சொல்லும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கொஞ்சமாகவே கதிர்வீசும், சுற்றியிருப்பதைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். சிவப்பு நிறத் திரவம் உள்ள, −10 முதல் 110 வரை காட்டுகிற ஆய்வகத் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

கணிப்பு எழுதச் சொல்வது அவசியமா? எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தானே எழுதுகிறார்கள்?

எல்லாருக்கும் ஒரே கணிப்பு வருகிற சோதனையைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். வகுப்பு இரண்டாகப் பிளக்கிற சோதனை ஒன்று: இரண்டு பனிக்கட்டி, ஒன்றைக் கம்பளியில் சுற்று, ஒன்றை அப்படியே வை. எது முதலில் உருகும்? “கம்பளி சூடு, அதனால் கம்பளியில் இருப்பதுதான்” என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்லும். மீன் சந்தைக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் சும்மா சிரிப்பார்கள். ஐஸ் பெட்டியில் மரத்தூளையும் சாக்கையும் பார்த்தவர்கள் அவர்கள்.

சென்னையில் இருந்தால் மெரினா எதிரே இருக்கிற விவேகானந்தர் இல்லத்தைக் காட்டுங்கள். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி கப்பலில் அனுப்பினார். அதைச் சேமிக்கத்தான் 1842-இல் இந்தக் கட்டடம். 1833-இல் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதம், நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து வந்தும், 100 டன் அளவுக்குப் பனிக்கட்டியாகவே இறங்கியது. காத்தது சுற்றிலும் அடைத்திருந்த காப்பு. போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, போக்குவரத்தைத் தடுக்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனையிலும் போங்குக்கு இடம் நிறைய. கையால் எடுத்து எடுத்துப் பார்த்தால் கைச்சூடு உருக்கிவிடும். “எப்போது முழுதாக உருகியது” என்று பார்க்கப் போனால் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். அதைவிட, 20 நிமிடம் கழித்து மீதிக் கட்டியை எடை போடுவது மேல். எடைத் தராசு இல்லாவிட்டால் மீதிக் கட்டியைத் தனிக் கிண்ணத்தில் முழுதாக உருகவிட்டு, அந்தத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்துவிடலாம்.

ஒரே அளவு வெப்பம் கொடுப்பது எப்படி? மெழுகுவத்தி ஒரே மாதிரி எரிவதில்லையே?

எரியாதுதான். திரி நீளும், காற்று அசைக்கும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், இரண்டாவது தடவை பாத்திரம் ஏற்கெனவே சூடாக இருக்கும். “அதே மெழுகுவத்தி, அதே ஐந்து நிமிடம்” என்பது காகிதத்தில் மட்டும்தான் நியாயம்.

எனக்குப் பிடித்த வழி எடைக்கல். பழைய கடை இரும்புக் கல், 200 கிராம், ஒரே மாதிரி இரண்டு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இரண்டும் நூறு டிகிரிக்கு வந்துவிடும். இடுக்கியால் எடுத்து, ஒன்றை 100 மில்லி தண்ணீரிலும் மற்றதை 200 மில்லி தண்ணீரிலும் ஆசிரியர் போட வேண்டும். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் கணக்குப்படி முதலாவது 12 டிகிரி அளவுக்கு ஏறும், இரண்டாவது 7-க்குக் கொஞ்சம் குறைவாக. நிஜத்தில் இதைவிடக் குறையும்.

சரி பாதியாக ஏன் இல்லை, 12-க்குப் பாதி 6 அல்லவா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால்: 200 மில்லியில் விழுந்த கல் இன்னும் அதிகமாகக் குளிர்ந்து, அதனால் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தைக் கொடுத்துவிட்டது. ஒரே கல், ஒரே சூடு, ஆனாலும் கொடுத்த வெப்பம் துல்லியமாக ஒன்றல்ல. இதை ஏழாம் வகுப்பில் நானாகக் கிளறுவதில்லை.

எத்தனை தடவை செய்ய வேண்டும்?

மூன்று. ஒரு குழுவின் நோட்டில், டம்ளர் தண்ணீரின் வெப்பநிலை எத்தனை டிகிரி இறங்கியது என்பது 14, 15, 9 என்று இருந்தது. 9-ஐ ரப்பர் போட்டு அழித்து 14 ஆக்கியிருந்தார்கள், பேப்பரில் தடம் தெரிந்தது. நான் திட்டவில்லை. அந்த 9 எப்படி வந்தது என்று கேட்டேன். மூன்றாவது தடவை சுற்றியிருந்த துணி நனைந்துபோனதால் புதிதாக இன்னொரு துணி எடுத்து இரண்டு சுற்று சுற்றியிருக்கிறார்கள். எண் தப்பில்லை, சோதனைதான் மாறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ரப்பர் கிடையாது. எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் காரணம்.

சராசரி எடுத்துவிட்டு “நார் 12.3, துணி 12.7, ஆகவே நார் வெற்றி” என்று எழுதுவதும் நடக்கும். தெர்மாமீட்டரில் ஒரு கோடு ஒரு டிகிரி. அரை டிகிரிகூட இல்லாத வித்தியாசத்தில் வெற்றி தோல்வி கிடையாது. “இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை” என்று எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண்.

முடிவு புத்தகத்துக்கு எதிராக வந்தால்?

“நீ தப்பாகச் செய்திருக்கிறாய்” என்று சொல்லுமுன் எராஸ்டோ எம்பெம்பாவை நினைத்துக்கொள்வேன். 1963-இல், இன்றைய தான்சானியாவில், பள்ளி மாணவர். ஐஸ்கிரீம் செய்ய ஃப்ரீசரில் இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் பாலை ஆறவைக்காமல் சூடாகவே வைத்துவிட்டார். பாலைக் காய்ச்சாமல் அப்படியே வைத்த இன்னொரு மாணவனுடையதைவிட அவருடையது முந்தி உறைந்தது. ஆசிரியரிடம் சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. பிறகு பள்ளிக்குப் பேச வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் சிரிக்காமல் போய்ச் சோதித்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். 2016-இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் மறுபடி கவனமாகச் செய்துபார்த்து, வெந்நீர் முந்திக் குளிர்வதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றார்கள். தெர்மாமீட்டர் வைக்கும் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே அப்படி ஒரு தோற்றம் வந்துவிடலாம் என்றும் காட்டினார்கள். டம்ளரில் குமிழை எங்கே வைப்பது என்று நம் பிள்ளைகள் போடும் சண்டை அற்பச் சண்டை இல்லை.

ஆகவே எதிர்முடிவு வந்தால் இன்னொரு குழு அதே திட்டத்தைப் படித்து, முதல் குழுவிடம் எதுவும் கேட்காமல், மறுபடி செய்ய வேண்டும். திட்டம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இணையத்தில் பார்த்த வெளிநாட்டுச் சோதனைகள் நம் ஊரில் சரியாக வருவதில்லையே?

அவர்கள் அறை 20 டிகிரி, நம் அறை மே மாதத்தில் 35. சூடான பொருள் ஆறும் வேகம் அதற்கும் அறைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 60 டிகிரித் தண்ணீருக்கு அங்கே இடைவெளி 40, இங்கே 25. நமக்கு மெதுவாகத்தான் ஆறும், நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் பாதி, மதியம் பாதி என்று செய்தாலும் இதே சிக்கல் வரும். அறை வெப்பநிலையை ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும்.

“இரும்பைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், மரத்தைத் தொட்டால் இருக்காது, ஆனால் இரண்டும் ஒரே வெப்பநிலை” என்ற பிரபலமான சோதனையும் இங்கே கோடையில் கவிழ்ந்துவிடும். தோலின் வெப்பநிலையே சுமார் 33. அறை அதைத் தாண்டினால் இரும்பு ஜில்லென்று இருக்காது, உண்மையில் மரத்தைவிடச் சூடாகத் தோன்றும். டிசம்பரில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை செய்தால் இரண்டும் கிடைக்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

முடிவுக்குப் போடுவதில்லை. நோட்டுகளைக் குழுக்களுக்குள் மாற்றிக் கொடுத்து, மற்றவர் திட்டத்தில் போங்கு கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவருக்கு ஒரு மதிப்பெண், அதைத் திருத்தி எழுதினால் எழுதியவருக்கு இரண்டு.

பாதுகாப்பு?

பிள்ளைகள் கையாளும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, அந்தச் சூட்டிலும் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். ஊற்றுவது ஆசிரியர் மட்டும். டம்ளரைத் தூக்கி இடம் மாற்றுவது கூடாது. கொதிநீரும் எடைக்கல்லும் ஆசிரியர் மேசையில்தான்.

சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர் உடைந்தால் தீயை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, கண்ணாடித் துண்டுகளை அட்டையால் கூட்டி எடுங்கள். பாதரசத் தெர்மாமீட்டர் அலமாரியில் பழசாகக் கிடந்தால் வகுப்புக்கே எடுத்து வராதீர்கள். அது உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, உருண்டைகளைக் கெட்டித் தாளால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் போட்டு வையுங்கள். துடைப்பம் வேண்டாம், அது உருண்டைகளை இன்னும் சின்னதாக உடைத்துப் பரப்பும். கழிவுநீரிலும் கொட்டக் கூடாது.